கிளவுஸ் வாங்கப் போன இடம்

"கிளவுஸ் வேணும்னா இனிமே மனநல கவுன்சிலர் ரூமுக்குத்தான் போகணும்!"

ஃபோர்மேன் சொன்னதும் பட்டறையே கொதித்தது.

"ஸ்டோர் இருக்கிறப்ப அங்க எதுக்கு சார்?"

"ஸ்டோர்ல இடமில்ல. அந்தம்மா வந்து ஒரு மாசமா ஈ ஓட்டிட்டிருக்காங்க. இந்த வேலையையாவது பார்க்கட்டும்!"

படித்த பெண்ணை இப்படியா அவமானப்படுத்துவது? சரியான முசுடு என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள், மௌனசாமியைத் தவிர.

பட்டறை வைத்த பெயர் அது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தகடு வெட்டும் மெஷினில் அவன் கூட்டாளிக்கு இரண்டு விரல் போய் மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து மௌனசாமிக்குத் தூக்கமில்லை. மெஷின் ஓடினாலே கை நடுங்கியது. இப்படியே நின்றால் அடுத்த விரல் அவனுடையதுதான்.

"அந்த கவுன்சிலர்கிட்ட பேசிப் பாருங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள்.

"உள்ள போனாலே கழண்ட கேஸுன்னு முத்திரை குத்திடுவாங்க. வேலையை வேணா விட்டுடறேன், அங்க போக மாட்டேன்."

ஆனால் கிளவுஸ் கிழிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் போனான்.

கவுன்சிலர் ஒரு ஜோடியை நீட்டினார். "உட்கார்ந்து போட்டுப் பாருங்க."

போட முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின.

"எத்தனை நாளா இப்படி?"

அவ்வளவுதான். மூன்று வாரமாக விழுங்கி வைத்ததெல்லாம் அழுகையாக வந்தது.

வெளியே வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மனசு லேசாகியிருந்தது. ஆனால் வாசலிலேயே வெல்டர் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஜோடி கிளவுஸுக்கு இவ்வளவு நேரமா? உள்ள என்னடா பண்ணின?"

மௌனசாமிக்கு முகம் வெளுத்தது.

"சைஸ் பார்த்து வாங்க வேணாமா? நீ உன் வேலையைப் பாருடா!" பின்னாலிருந்து அதட்டினார் ஃபோர்மேன்.

வெல்டர் நழுவினான். ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரமும் போ தம்பி. யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பெட்டியை அங்க கொண்டுபோய் வச்சேன்."

"எங்களுக்காகவா சார்?"

"எனக்காகவும்தான். அன்னிக்கு உன் கூட்டாளியை அந்த மெஷின்ல நிக்கச் சொன்னது நான்தானே? மூணு தடவை அந்த வாசல் வரைக்கும் போயிட்டு, யாராவது பார்த்துடுவாங்கன்னு திரும்பிட்டேன். கிளவுஸ் பெட்டியைத் தூக்கிட்டுப் போனப்பதான்டா என்னால உள்ள நுழைய முடிஞ்சுது."