டார்ச்சில் ஆயிரம் குறை

“உங்க டார்ச்ச வாங்கிப் பார்த்தேங்க. டேபிள்ல வெச்சா உருண்டு ஓடுது,” என்றாள் துர்கா.

தான் வடிவமைத்த பாக்கெட் டார்ச்சை எடுத்த எடுப்பிலேயே குறை சொன்னதும் ஆனந்தராஜுக்குச் சுருக்கென்றது.

“கம்மி வெலைக்குச் செஞ்சதுங்க...”

“அதுக்காக? ஒரு பக்கம் தட்டையா இருந்தா உருளாதுல்ல? வெளிச்சமும் நடுவுல மட்டும் குத்துது. எங்க பீங்கான் கம்பெனியில கப்புக்குள்ள டார்ச் அடிச்சுத்தான் விரிசல் பார்ப்போம். இதுல ஒண்ணும் தெரியல.”

“கண்ணாடிய மங்கலாக்கிட்டா வெளிச்சம் பரவுங்க!” அவன் முகம் மலர்ந்துவிட்டது.

அவனைப் போலவே அவளும் டார்ச் பைத்தியம். கிளிப், பட்டன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவனும் சளைக்காமல் கேட்டுக்கொண்டான்.

துர்காவின் அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

“தனியா பேசணும்னுட்டு இவ்ளோ நேரமா? பஜ்ஜியே ஆறிப்போச்சு!”

கூடத்தில் இரண்டு குடும்பங்களும் பூவும் பழமுமாகக் காத்திருந்தன.

“மாப்பிள்ளையப் புடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார் துர்காவின் அப்பா உலகநாதன்.

துர்கா வெட்கத்தோடு சிரித்தாள்.

“இவ்ளோ குறை சொல்லியும் கோவமே வரலப்பா. உள்ள வரைக்கும் பார்த்துட்டேன், இவர்கிட்ட விரிசல் ஒண்ணுமில்ல!”