ஸ்டேஷன்ல வேணாம், வீட்டுக்கு வாங்க

“ஸ்டேஷன்ல வேணாம் அங்கிள், வீட்டுக்கு வாங்க” என்று அந்தப் பையன் போனில் சொன்னபோதே கமலநாதனுக்குச் சந்தேகம் தட்டியது.

ஆன்லைனில் பழைய சாமான் விற்கிறவர்கள் வழக்கமாக ரயில் ஸ்டேஷனில்தான் கைமாற்றுவார்கள். நாலு பேர் நடமாடும் இடம். வந்தோமா, வாங்கினோமா, போனோமா என்று இருக்கும். இவனோ செந்தூல் ஃபிளாட்டின் முகவரியை, எந்த மாடி, எந்தக் கதவு, வாசலில் என்ன கலர் செருப்பு என்பதுவரை கேட்காமலே அனுப்பியிருந்தான்.

போகாமலும் இருக்க முடியவில்லை. தீபாவளிக்குள் ஹோம் தியேட்டர் பாட வேண்டும் என்று இரண்டு மகள்களும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சத்தம் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் பெட்டி ஒன்றை சுபாங் ஜெயா கடையில் புதிதாக விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இவன் அதில் பாதிக்கும் கீழே போட்டிருந்தான்.

“இவ்வளவு மலிவா கொடுக்கிறான்னா ஏதோ இருக்குலா,” என்றாள் மனைவி உஷாராணி. “ஒரு மணி நேரத்துல போன் வரலேன்னா நான் போலீசுக்குப் போயிடுவேன்.”

செந்தூலில் காரை நிறுத்திய கமலநாதன், மோதிரத்தைக் கழற்றிக் காருக்குள்ளேயே ஒளித்துவிட்டு இறங்கினார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. பாதி படியால், பாதி பயத்தால்.

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. கழுத்தில் தொடங்கி முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருந்தான்.

“நான்தான் கெல்வின். உள்ள வாங்க அங்கிள். தனியாவா வந்தீங்க?”

“இல்ல இல்ல. மச்சான் கீழ கார்ல இருக்கார்.”

அவருக்கு மச்சானே கிடையாது.

கெல்வின் இரும்பு கிரில்லை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

“பூட்டு எதுக்கு தம்பி?”

“பூனை ஓடிடும் அங்கிள். போன வாரம் கீழ்வீட்டு ஆன்டி காயவச்ச கருவாட்டைத் தூக்கிட்டு வந்துடுச்சு. இன்னும் என்கூட பேச மாட்டேங்கறாங்க.”

கமலநாதன் சுற்றிப் பார்த்தார். பூனை ஒன்றும் கண்ணில் படவில்லை.

அடுத்ததாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். பட்டப்பகலில் அறை இருண்டது.

“வெளிச்சம் அடிச்சா டிவி தெரியாது அங்கிள். உக்காருங்க.”

பயத்திலும் கமலநாதன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். “நடு ஸ்பீக்கர்ல சத்தம் வருதா?”

“விவரமான ஆளு அங்கிள் நீங்க. படத்துல பேச்சு பூரா அதுலதான் வரும். அந்த லைன் செத்துப் போச்சுன்னா சண்டை மட்டும்தான் கேக்கும்.”

சொல்லிக்கொண்டே ரிசீவரின் குமிழைத் திருகினான். டிவியில் ஒரு சண்டைப் படம்; ஐந்து ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் துப்பாக்கி சுட ஆரம்பித்தன. தரை அதிர்ந்தது. கமலநாதனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இந்தச் சத்தத்தில் நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

சட்டென்று சத்தம் நின்றது. கெல்வின் எழுந்து சமையலறைக்குள் போனான். இழுப்பறை திறக்கிற ஓசை. கரண்டியும் கத்தியும் புரள்கிற ஓசை. திரும்பி வந்தவன் கையில் என்னவோ பளபளத்தது.

கமலநாதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “தம்பி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க...”

“ஸ்குரூடிரைவர் அங்கிள்,” என்றான் கெல்வின் பாவமாக.

ரிசீவரின் ப்ளக்கைப் பிடுங்கினான். மேல் மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினான்.

“பாருங்க, ஒரு இடத்துலகூட கருகல. ஆனா பின்னால ரெண்டாவது எச்.டி.எம்.ஐ. ஓட்டை லூசு. வயரு நிக்காது. அதான் விலையைக் குறைச்சேன்.”

“இதைக் காட்டவா வீட்டுக்கு வரச் சொன்னே?”

“ஸ்டேஷன்ல ப்ளக் எங்க இருக்கு அங்கிள்? அங்க வெறும் பெட்டியைத்தான் பார்க்க முடியும். இப்ப கேட்டுப் பார்த்துட்டீங்க, வீடும் தெரிஞ்சு போச்சு. நாளைக்கே ஒரு கோளாறுன்னா நேரா வந்து கதவைத் தட்டலாம்.”

சோபாவுக்கு அடியிலிருந்து கொழுத்த பூனை ஒன்று சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது.

கமலநாதன் பணத்தைக் கொடுத்தார். ரிசீவரைக் கெல்வினே தோளில் சுமந்து நாலு மாடியும் இறங்கி வந்து காரில் வைத்தான்.

“மச்சானைக் காணோம்?”

“டீ குடிக்கப் போயிருப்பார்.”

“பழைய ரிசீவர் வச்சிருந்தீங்களா அங்கிள்? கெட்டுப் போயிருந்தா கொண்டாங்க, பார்த்துத் தரேன். காசெல்லாம் வேணாம்.”

“அது... இன்னொருத்தர் கைக்குப் போயிடுச்சு தம்பி.”

அவன் படியேறிப் போனதும் கமலநாதன் மனைவிக்குப் போன் போட்டார்.

“தங்கமான பையன் உஷா. குறையையும் அவனே சொல்லித்தான் விக்கறான். நாமதான் ஆளைப் பார்த்து எடை போட்டுட்டோம். இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையான ஆளை எங்க பார்க்க முடியும்?”

போனைக் கீழே வைப்பதற்குள் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

‘அண்ணே, முகுந்தன். காலையில பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷன்ல உங்ககிட்ட ரிசீவர் வாங்கினேனே. நடு ஸ்பீக்கர்ல சத்தமே வரல. உங்க வீடு எங்கன்னு சொன்னா கொண்டு வரேன்.’

கமலநாதன் இரண்டு முறை படித்தார். பிறகு அந்த நம்பரை ப்ளோக் செய்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

நல்லவேளை, முகவரி கொடுத்திருக்கவில்லை.