ஏகாம்பரத்தின் சம்மதம்

கோமளவல்லியின் மறுமண விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைந்தது.

"உங்க மொத வீட்டுக்காரர் குரல் இன்னும் பதிவுல இருக்கேம்மா. ஆட்சேபணை இல்லைன்னு அவர் சொல்லணும்," என்றார் பதிவு அலுவலக எழுத்தர்.

ஏகாம்பரம் இறந்து நான்கு வருடம். அவரைப் போலவே பேசக் கற்ற இயந்திரக் குரலை அவள்தான் அணைக்க மனமில்லாமல் வைத்திருந்தாள். பக்கத்தில் புது மாப்பிள்ளை தணிகாசலம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்தர் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் அந்தக் குரலை ஓடவிட்டார்.

"ஏங்க, நான் இவரைக் கட்டிக்கப் போறேன். சம்மதமா?" என்று கோமளவல்லி பெட்டியிடம் கேட்டாள்.

பெட்டி செருமியது. அதே செருமல். "யோசிச்சுச் சொல்றேன்."

"முப்பது நாள் பொறுத்துப் பாருங்கம்மா," என்றார் எழுத்தர்.

கோமளவல்லி சிரித்துவிட்டாள். "வேலைக்குப் போகட்டுமான்னு கல்யாணமான புதுசுல கேட்டேன் சார். அப்பவும் இதேதான் சொன்னார். சாகுற வரைக்கும் யோசிச்சு முடிக்கல. குரலை அணைச்சிட்டா?"

"இறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். ஆனா குரல் திரும்ப வராது."

அவள் பையிலிருந்து சான்றிதழை எடுத்து வைத்தாள். கூடவே மூன்று ஜெராக்ஸ்.

பெட்டி மறுபடி செருமியது. "கோமளா, அது வந்து..."

"இருக்கட்டுங்க. நானே யோசிச்சிட்டேன்," என்று பொத்தானை அழுத்தினாள்.