மூடி எந்தப் பக்கம்?

"இந்தக் கீலைப் பிடுங்கிடு. தப்பு," என்றார் மில்லிமீட்டர்.

தபால்காரரின் முகம் வாடியது. சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் அவர் கொண்டுவந்த டாங்கி நின்றது. உள்ளங்கை நீளம். கடையில் வாங்கிய பெட்டியில் பாதிப் பாகங்கள் சரியில்லை என்று, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, கம்பியை வளைத்து, பதினாலு மாதமாகத் தானே செய்தது. மாதிரி ராணுவ வண்டிகள் செய்பவர்களின் சங்கத்தில் நடுவர் மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டார்; பட்டப்பெயரே அதனால் வந்தது. அவர் தலையாட்டினால்தான் நாளைக்குக் கண்காட்சியில் இடம்.

"எங்கண்ணே தப்பு?"

"மேல்மூடி. கீலை முன்பக்கம் வெச்சிருக்கே. திறந்தா மூஞ்சிக்கு முன்னால நிக்குது. இதுக்குக் கீல் பின்பக்கம். திறந்தா முதுகுக்குப் பின்னால சாயணும்."

"எங்கப்பா முன்னாலதான்னு சொல்றாரு. இந்த டாங்கியில சண்டைக்குப் போனவரு அவரு."

"வயசு என்ன?"

"எண்பத்தாறு."

"எனக்கு நேத்து சாப்பிட்டதே மறந்துபோச்சுப்பா."

தபால்காரர் சிரிக்கவில்லை.

"மூடி முன்னால நின்னுதாம். குண்டு அதுல பட்டுத் தெறிச்சுதாம். இல்லேன்னா நெத்தியில வாங்கியிருப்பேன், நீ பொறந்திருக்க மாட்டேன்னு சொல்வாரு. எங்க மச்சான் இருக்கானே, அப்பா வாயைத் திறந்தாலே 'மாமா டாங்கியை எடுத்துட்டாரு, வழிவிடுங்க'ம்பான். வீட்டுல ஒருத்தரும் நம்பறதில்ல. நாளைக்கு அவரைச் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்து, எல்லாரையும் பக்கத்துல நிக்கவெச்சுக் காட்டலாம்னு இருந்தேன். நீங்க பின்பக்கம்னு சொன்னா, அவர் சொன்னது மொத்தமும் புளுகுன்னு ஆயிடும்ணே."

மில்லிமீட்டர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். பழைய பத்திரிகையில் வந்த ஒரு பக்கம். புள்ளி புள்ளியாக அச்சான கருப்பு வெள்ளைப் படம். சேற்றில் டாங்கி. மூடி பின்னால் சாய்ந்திருந்தது.

"கண்ணால பாத்துக்கோ. மியூசியத்துல ஒண்ணு மூடியே இல்லாமத் துருப்பிடிச்சுக் கிடந்துது. இந்தப் படத்தைப் பாத்துத்தான் புதுசா செஞ்சு மாட்டினாங்க. பின்பக்கம்."

"டாங்கி செஞ்ச கம்பெனியோட வரைபடத்துல முன்பக்கம்னுதானே இருக்கு, அண்ணே?"

"வரைஞ்சவன் ஆபீஸ்ல உக்காந்து வரைஞ்சான். படம் பொய் சொல்லுமா?"

தபால்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளேடை எடுத்தார். 'டக்'கென்று கீல் பெயர்ந்து வந்தது. மூடியின் ஓரமும் உடைந்தது. புதிதாக ஒன்று வெட்டி, ராவி, பின்பக்கம் ஒட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது.

மில்லிமீட்டர் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். "இப்ப கச்சிதம்." அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

தபால்காரர் டாங்கியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வருவே இல்ல?"

"எதுக்குண்ணே? நாலு பேர் முன்னால மூக்குடையறதுக்கா?" என்றார் தபால்காரர். "நாப்பது வருஷமா இந்த ஆளை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. மில்லிமீட்டர் கதவைச் சாத்தினார்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"பாவங்க அந்த மனுஷன். உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டு? அந்தப் படத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவன்னுதான் என்னை நடுவராவே போட்டிருக்காங்க."

"கண்டுபிடிச்சீங்களா! பூந்தொட்டி மண்ணுல தண்ணி ஊத்தி நீங்க நிறுத்தின பொம்மையை நான்தானே படம் எடுத்தேன்? பத்திரிகைக்காரன் அதை நிஜ டாங்கின்னு நம்பிப் போட்டுட்டான், போகட்டும். ஐயையோ, மூடியை மாத்தி ஒட்டிட்டேனேன்னு அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டீங்களே!"