புழு டப்பா

"கேன் ஆஃப் வார்ம்ஸ்!" என்றார் மேனேஜர், ராகம் பிடிப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.

தையல் பிரிவுப் பெண்களின் சார்பில் வந்திருந்த தையல்காரி, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த டைப்பிஸ்டைப் பார்த்தாள்.

"புழு அடைச்ச டப்பாவாம். திறந்தா வம்பாம்" என்றாள் டைப்பிஸ்ட், தலை நிமிராமல்.

"நாங்க கேட்டது கதவை மூட ஒரு தாழ்ப்பாள். சார் எதுக்கு டப்பாவைத் திறக்கிறார்?"

பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து ஏழு மாதம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரெண்டு மெஷின் சும்மா கிடக்கிறதே என்று சூப்பர்வைசர் கத்துவார். அதனால் நாற்பது பேரும் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் ஒருத்தி மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

மேனேஜர் கனிந்தார். "பாரும்மா, இது பர்ச்சேஸ் வேலையா, மெயின்டனன்ஸ் வேலையா? யார் பொறுப்புன்னு தேடுறது... நீடில் இன் எ ஹேஸ்டாக்!"

"வைக்கோல் போர்ல ஊசி" என்றாள் டைப்பிஸ்ட்.

"ஊசி எங்ககிட்டயே நிறைய இருக்கு சார். தாழ்ப்பாள்தான் இல்ல."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். டைப்பிஸ்டும் சிரித்தாள். "பிரமாதம் சார்! ஹேஸ்டாக்கை அப்படியே மினிட்ஸ்ல சேர்த்துடுறேன்."

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கென்ன, ஆபீஸ்காரர்களுக்கு மாடியில் தனிக் கழிப்பறை.

"நல்லா போடு ஜால்ரா" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள்! கனத்த பித்தளை. நாற்பது பேரும் ஒருமுறை போட்டு, ஒருமுறை திறந்து பார்த்தார்கள். சாயங்காலம்வரை நிறைந்தே நிற்கும் குடிதண்ணீர் டிரம், அன்று பத்து மணிக்கே காலி.

ஆயிரம் இருந்தாலும் மனுஷன்தான் என்று மேனேஜருக்கு நன்றி சொல்ல மாடியேறினாள் தையல்காரி.

அவர் அறைக்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

"எவன் கழட்டினது? இப்பவே தெரிஞ்சாகணும்!" உள்ளேயிருந்து மேனேஜர் அலறினார்.

"தேடிட்டுதான் இருக்கேன் சார்." வாசல் மேஜையிலிருந்து டைப்பிஸ்ட் பணிவாகச் சொன்னாள். "ஆனா, நீடில் இன் எ ஹேஸ்டாக் சார்."

மேஜைமேல் வாய் பிளந்து கிடந்த அவள் கைப்பைக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் தெரிந்தது.

தையல்காரி ஓசைப்படாமல் அந்த ஜிப்பை இழுத்து மூடினாள்.