ஏழாம் பாட்டிலுக்கு முட்டை

“ஏம்மா, ஏழுக்கு என்ன முட்டை போட்டு வச்சிருக்கே?”

தலைமை வேதியாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“முட்டைதான் சார் வருது.”

அவள் அந்த ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்தரை மாதம். ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம். அதற்கான தாள் அவருடைய மேஜை டிராயரில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வீட்டில் அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மற்ற பாட்டில்களுக்கெல்லாம் திரையில் கோடு மலை மலையாக எழுந்து இறங்கியிருந்தது. ஏழுக்கு மட்டும் தரையோடு தரையாக ஓடியது.

“ஆஸ்பத்திரியில இப்படிக் கோடு ஓடினா சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவாங்க. குழாய் அடைச்சிருக்கும், பாரு.”

“பார்த்துட்டேன் சார். மூணு தடவை ஓட்டியாச்சு.”

இயந்திரம் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. நூல் போன்ற குழாயில் தண்ணீர் ஓடும். ஊசி ஒவ்வொரு பாட்டிலாக முங்கி ஒரு துளி எடுத்து அந்த ஓட்டத்தில் விடும். வழியில் மருந்து சேரும். நைட்ரேட் இருந்தால் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு மலை. ஏழாம் பாட்டிலுக்கு நிறமே மாறவில்லை.

அது தேர்வு. வருடத்துக்கு ஒருமுறை நாற்பது ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரி எட்டுப் பாட்டில்கள் வரும். நான்கு டீசல், நான்கு தண்ணீர். எதில் என்ன, எவ்வளவு என்பது அனுப்பியவர்களுக்கு மட்டும் தெரியும். தப்பாகச் சொன்னால் ஆய்வகத்தின் அனுமதி ஆட்டம் காணும்.

“டீசல் ஓட்டின குழாயிலேயே இதையும் ஓட்டினியா?”

“ஐயோ சார், குழாய் மாத்தி, அரை மணி நேரம் கழுவிட்டுத்தான் ஓட்டினேன்.”

“நல்லாக் கழுவினே. உள்ளே இருந்த நைட்ரேட்டையும் சேர்த்துக் கழுவிட்டே.”

கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“நாலஞ்சு லேப்ல விசாரிச்சுட்டேன். எல்லாருக்கும் ஒரே நம்பர். நாலு இருபது.” ஒரு துண்டுத்தாளில் 4.20 என்று எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

“அது காப்பியடிக்கிறதாச்சே சார்?”

“காப்பி இல்லம்மா. கலந்தாலோசனை.”

“ஒரே பாட்டிலை ரெண்டு தடவை ஓட்டினாலே கடைசி இலக்கம் ஆடுது. எல்லா லேப்லயும் எப்படி சார் ஆடாம அசையாம 4.20?”

“அவங்க மிஷின் அடக்க ஒடுக்கமா வளர்ந்த மிஷின். நீ அதையே போடு. நான் டிராயரைத் திறக்கறேன்.”

அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நான்காம் முறையும் ஓட்டினாள். கோடு படுத்தே கிடந்தது.

படிவத்தில் ஏழுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. புதுப் படிவம் எடுத்து மறுபடி எழுதினாள்.

“உன் கையெழுத்து, உன் தலை,” என்றவர் டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு நாள் கழித்து வாட்ச்மேன் தபாலைக் கொண்டுவந்தார். தலைமை வேதியாளர் நின்றபடி பிரித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். மீதியை அவள் வாங்கிப் படித்தாள்.

‘ஏழாம் பாட்டிலில் வெறும் காய்ச்சி வடித்த நீரையே வைத்திருந்தோம். இல்லாததை இல்லை என்று சொல்கிறார்களா என்று பார்க்கவே அது. நாற்பதில் முப்பத்தொன்பது ஆய்வகங்கள் 4.20 என்று எழுதியுள்ளன. தங்கள் ஆய்வகம் மட்டுமே தேறியது. வாழ்த்துகள்.’

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் அவர்.

“என்ன சார் சொன்னீங்க?”

“உன் கையெழுத்துதான்னு!”

டிராயர் திறந்தது. பேனா ஓடியது. அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

அவருக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. போனை எடுத்துப் பக்கத்து ஆய்வக நண்பரை அழைத்தார்.

“யோவ், அந்த நாலு இருபதை முதல்ல கிளப்பிவிட்டவன் எவன்யா? ... என்னது? ... எங்க லேப்பா?”

போனை வைத்தவர் அவள் பக்கம் திரும்பினார். “பாட்டில் வந்த மறுநாளே நம்ம ஆபீஸ் போனுக்கு அடிச்சு, ‘ஏழு எத்தனை?’ன்னு கேட்டாங்களாம். பட்டுனு பதில் வந்துச்சாம். அது நீயாம்மா?”

“ஐயோ, நான் இல்ல சார்!”

தபால் நோட்டில் கையெழுத்து வாங்க நின்றிருந்த வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார்.

“அந்தப் போனா? நான்தான் சார் எடுத்தேன். கேட்டவரு ரெண்டு தடவை தேங்க்ஸ்கூடச் சொன்னாரு. நம்ம ஏழாம் நம்பர் வேன் எத்தனை மணிக்கு உள்ளே வந்துச்சுன்னு கேக்கறாரேன்னு, நாலு இருபதுன்னேன்.”