எதிர்ப்பு ஏகாம்பரம்

“இன்னிக்கு அவன் யாருன்னு தெரிஞ்சிடும் லா,” என்றாள் உஷாராணி, படியேறும்போதே.

பின்னால் மடிக்கணினிப் பையோடு வந்த லெஸ்லி சிரித்து வைத்தான். “தெரிஞ்சதும் என்னக்கா செய்யப் போறீங்க?”

“அடுத்த நிமிஷமே செயலவையிலேருந்து தூக்குறேன். குரூப்ல எழுதியே போட்டாச்சு.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. ‘செம்பனைத் தீவு’ விளையாட்டின் செயலவை மாதம் ஒரு ஞாயிறு அங்கேதான் கூடும். கைப்பேசியில் ஆடுகிற விளையாட்டுதான். ஆனால் தீவில் வாங்குகிற நிலமும் போடுகிற ஓட்டும் பிளாக்செயினில் பதிவாகிவிடும். உருவாக்கியவர்களே நினைத்தாலும் அழிக்க முடியாது. கேரி தீவிலிருந்து ரவாங் வரை பல ஊர்களில் ஆட்டக்காரர்கள். சட்டதிட்டமெல்லாம் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் கொண்ட இந்தச் செயலவையின் கையில். உஷாராணி தலைவர், லெஸ்லி செயலாளர்.

கிள்ளானில் அவள் அப்பா கோயில் தலைவராக இருந்தவர். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எதிர்ப்பில்லை என்றால் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்தச் சொல்லில் அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. முதல் கூட்டத்திலேயே அதை அவள் தீவின் விதியாக எழுதிவிட்டாள். எதிர்ப்பில்லாத தீர்மானம் அப்படியே நிறைவேறும். ஒரே ஓர் எதிர்ப்பு விழுந்தாலும், மூன்று நாள் எல்லா ஆட்டக்காரர்கள் முன்னாலும் விவாதத்துக்குப் போகும்.

அவள் முன்மொழிவாள். அவள் வாய் மூடுமுன் லெஸ்லி வழிமொழிவான். திரையில் எட்டுப் பச்சை விழும். கூடவே, மாதம் தவறாமல், ஒரு சிவப்பு.

போட்டது யார் என்று தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரிதான் இருக்கும். அதற்கு ‘எதிர்ப்பு ஏகாம்பரம்’ என்று பட்டப்பெயரே வைத்தாயிற்று.

அவனால் அவள் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. ஒரு மாதம் தீவுப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்களின் நிலத்தைப் பொதுவில் சேர்க்கலாம் என்று ஒருமுறை தீர்மானம் கொண்டுவந்தாள். ஏகாம்பரம் சிவப்பைப் போட்டான். விவாதம் திறந்தது. பிரசவத்துக்குப் போய்விட்டு வந்தால் என் நிலம் போய்விடுமா என்று ரவாங்கிலிருந்து ஒரு பெண் கேட்டாள். ஆயிரம் பேர் பார்க்கத் தலைவரே, பிரசவத்துக்குப் போனவர்களுக்கு விலக்கு என்று தீர்மானத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஏகாம்பரம் ஜெயராஜ்தான் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். தலைவர் தேர்தலில் அவளிடம் தோற்றவர். கூட்டத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பார். உஷாராணி அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

அதனால்தான் இந்த வெளிப்படைத் தீர்மானம். இனி ஒவ்வோர் ஓட்டுக்குப் பக்கத்திலும் போட்டவர் பெயர். வழக்கம்போல ஏகாம்பரம் அதற்கும் சிவப்பைப் போட, விவாதத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். இனிமேல் போடும் ஓட்டுக்கு மட்டும் ஏன், பழையதற்கும் பெயர் வேண்டும் என்றார்கள். அப்படியே நிறைவேறியது. தன் சிவப்பாலேயே மாட்டிக்கொண்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் உஷாராணி.

இப்போது மேல்மாடியில் ஒவ்வொருவராகக் கைப்பேசியில் தம் பெயரை உறுதி செய்ய, லெஸ்லியின் மடிக்கணினி வழியே சுவரில் பெயர்கள் விழுந்தன. ஜெயராஜ்: முதல் மாதத்திலிருந்து எல்லாம் பச்சை.

கடைசியாக, சிவப்பு வரிசை முழுக்க ஒரே பெயர். லெஸ்லி.

கீழே கடையில் யாரோ ரசம் கேட்பது மேலே கேட்டது.

“நீயா?” என்றாள். “வழிமொழிஞ்சதும் நீ, எதிர்த்ததும் நீயா?”

லெஸ்லி எழுந்து நின்றான். “வழிமொழிஞ்சாதான்க்கா தீர்மானம் மேசைக்கு வரும். யாராவது எதிர்த்தாதான் ஆட்டக்காரங்க வாயைத் திறக்க முடியும். நீங்க சொல்லிட்டா இங்க யாரும் படிச்சே பாக்கிறதில்ல. அவ்வளவு நம்பிக்கை உங்க மேல.”

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“எல்லாத்தையும் விவாதத்துக்கு விடலாம்னு சொன்னேன்க்கா, முதல் கூட்டத்திலேயே. யாரும் எதிர்க்காதப்ப விவாதம் எதுக்கு, டைம் வேஸ்ட்னு நீங்கதான் சொன்னீங்க.”

ஜெயராஜ் தொண்டையைச் செருமினார். “அந்தப் பிரசவ விதியைப் பாத்துதான் என் தங்கச்சி மகளே இந்தத் தீவுக்கு வந்தா. அப்புறம் தலைவரே, நான் உம்முன்னு இருந்தது கோபத்தில இல்ல. படிக்காம பச்சை போட்ட பயம், யாராவது கேள்வி கேட்டுடுவாங்களோன்னு.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். லெஸ்லி மட்டும் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். குரூப்பில் அவள் எழுதிப் போட்டது அவனுக்கும் தெரியுமே.

“உக்காரு,” என்றாள் உஷாராணி. ஜெயராஜ் பக்கம் திரும்பி, மன்னிச்சிடுங்கண்ணே என்றாள். பிறகு நின்றபடியே முன்மொழிந்தாள். எதிர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டக்காரர்கள் மூன்று நாள் பேசிய பிறகே இனி எந்தத் தீர்மானமும் நிறைவேறும்.

“வழிமொழிகிறேன்,” என்றான் லெஸ்லி. பழக்கத்தில் விரல் சிவப்புப் பக்கம் போனது.

“இந்தத் தடவை மனசில இருக்கிறதையே போடு, தம்பி.”

“பச்சையைப் போட்டா பழைய விதிப்படி இதுவே விவாதமில்லாம நிறைவேறிடுமேக்கா?”

“போடு லா.”

சுவரில் பச்சை பச்சையாக விழுந்தது. லெஸ்லியுடையதும் முதல்முறையாகப் பச்சை. மொத்தம் எட்டு. கைதட்டக் கைகள் தயாராயின.

உஷாராணி நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கைப்பேசியை எடுத்தாள்.

ஒன்பதாவது ஓட்டு சிவப்பாக விழுந்தது. பக்கத்தில், யாரும் அழிக்க முடியாத எழுத்தில், உஷாராணி, தலைவர்.